உடன் உழைப்போரிடம் பரிவு: சங்க நிர்வாகிகள் கவனத்திற்கு

நூல் வழங்கும் நாளன்று ஒரு நெசவாளர் சங்கத்தின் முற்றத்தில் கால்மணி நேரம் நின்று பார்த்தால் போதும்; அச்சங்கத்தின் பேரேட்டைப் புரட்டாமலேயே அதன் நிலைமையில் பாதியை அறிந்துகொள்ளலாம். நூல் கட்டுகளை எடை போடும் சிப்பந்தி, முன்னே நிற்கும் அங்கத்தினரை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறாரா, தராசைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாரா? நெய்து கொண்டுவந்த துணியில் குறை கண்டால் அதைத் தனியே அழைத்துச் சொல்கிறார்களா, நாலு பேர் சிரிக்கும்படி விரித்துக் காட்டுகிறார்களா? கைக்குழந்தையுடன் வந்த பெண்ணுக்கு உட்கார ஓர் இடம் உண்டா? இவை சிறு காரியங்கள்தாம். ஆனால் ஓர் அங்கத்தினர் தமது துணியைச் சங்கத்துக்குக் கொண்டுவருவதா, வாசலுக்கே வந்து வாங்கிப்போகும் மாஸ்டர் வீவரிடம் கொடுத்துவிடுவதா என்று யோசிக்கும்போது, கூலியில் உள்ள வித்தியாசத்தோடு இச்சிறு காரியங்களையும் சேர்த்தே எடை போடுகிறார். விளைபொருள் சங்கங்களிலும் இதே கதைதான். நிலக்கடலை மூட்டையையோ முந்திரிக் கொட்டையையோ கொண்டுவரும் குடியானவருக்குக் கமிஷன் மண்டியில் ஒரு திண்ணையும் ஒரு குவளைத் தண்ணீரும் கிடைத்து, தாம் பங்குதாரராக உள்ள சங்கத்தில் அது கிடைக்கவில்லையென்றால், அவர் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஒரு சங்கத்திலோ பட்டறையிலோ அலுவலகத்திலோ கூடி வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பரிவோடு நடந்துகொள்ளும்படி செய்வதற்குத் தலைமையில் இருப்பவர்களால் என்ன இயலும் என்பதை இங்கே ஆராய எண்ணுகிறோம். இதில் ஒரு சங்கடம் முதலிலேயே குறுக்கிடுகிறது. நேரத்துக்கு வரச் சொல்லி உத்தரவு போடலாம். கணக்கை முடிக்கச் சொல்லி உத்தரவு போடலாம். பரிவு காட்டும்படி உத்தரவு போட முடியாது. நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில், ‘அனைவரிடமும் மரியாதையாகப் பேசவும்’ என்று அழகாக எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகை கோணலாக இருக்கிறதென்று அதன் அடியில் நின்றுகொண்டே மேலாளர் கடைநிலை ஊழியரை ஒருமையில் வைது கொண்டிருந்ததையும் நாம் கண்ணாரக் கண்டோம்.

உத்தரவுக்கு இடமே இல்லாத ஒரு பெரிய காரியம் நமது புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. வயது முதிர்ந்த நம் அங்கத்தினர் பலருக்கு அது நேரில் தெரியும். இளையவர்கள் தாயாரிடமோ பாட்டியிடமோ கேட்டறியலாம். 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்து 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அப்போது கலெக்டராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். அவ்வியக்கத்தில் கற்பித்தவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். கற்றவர்களோ பகலெல்லாம் வயலிலும் கல்லுடைப்பிலும் உழைத்துவிட்டு இரவில் விளக்கடியில் வந்து அமர்ந்த பெண்கள். தொண்டரைக் கண்டித்தால் அவர் மறுநாள் வரமாட்டார். கற்கவந்தவரை ஒரு சொல் கடிந்தால் அவர் எந்நாளும் வரமாட்டார். சம்பளப் பிடித்தமும் இல்லை, வேலை நீக்கமும் இல்லை. பிறகு எதைக் கொண்டு அத்தனை பேரையும் இணைத்து நடத்தினார்கள்? மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களிடம் எவ்விதம் நடந்துகொண்டார்கள் என்பதே அங்கே கருவியாயிற்று. 1992-ல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

அந்த இயக்கத்தின் ஒரு பகுதியாகச் சைக்கிள் பழக்கினார்களே, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று பலர் கேட்டார்கள். பஸ்ஸுக்காக அரைநாள் காத்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு நேரம் ஏது, மாலையில் படிப்பதற்குத் தெம்புதான் ஏது? அந்த நிலையை எண்ணிப் பார்த்தவர்கள்தாம் சைக்கிளைப் பாடத்திட்டத்தில் சேர்த்தார்கள். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் நிர்வாகம் வழிசெய்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் வீதியில் அவர்கள் கேட்க நேர்ந்த ஏச்சும் ஏளனமும் கொஞ்சமல்ல. ஒழுக்கத்தைப் பற்றியே பேசினார்கள். நிர்வாகம் ஏளனம் செய்தவர்களோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஊரறியப் பயிற்சி முகாம்களும் போட்டிகளும் கண்காட்சிகளும் நடத்தியது. ஓர் ஊரில் ஒரு பெண் தனியே சைக்கிள் ஓட்டினால் அது வம்புக்கு இடம். கலெக்டரும் அதிகாரிகளும் பார்த்திருக்க நூற்றுக்கணக்கான பெண்கள் மணியடித்துக்கொண்டு செல்லும்போது சிரித்தவன்தான் வெட்கப்பட வேண்டியிருந்தது.

அங்கே இன்னொரு நயமும் உண்டு. முந்திப் பழகிய பெண்களே பிந்தி வந்தவர்களுக்குப் பழக்கினார்கள். விழுந்து எழுந்தவருக்குத்தான் விழுகிறவருடைய அச்சம் தெரியும். முழங்கால் சிராய்ப்பைக் கண்டு சிரிக்காமல் பிடித்துத் தூக்கவும் தெரியும். நமது சங்கங்களில் புதிதாக வரும் எழுத்தரையும் பயிற்சித் தறியில் உட்காரும் சிறுவயதினரையும் யாரிடம் ஒப்படைக்கிறோம்? பெரும்பாலும் மிகக் கைதேர்ந்தவரிடம். அவர் கற்ற காலம் அவருக்கே மறந்துபோயிருக்கும். இரண்டாண்டு முன்னதாக வந்தவரிடம் ஒப்படைத்தால் கையும் திருந்தும், இருவருக்கும் இடையே ஓர் உறவும் வளரும் என்பது நமது கருத்து.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அதே ஆண்டுகளில், காண்டிராக்டர்களிடம் அடிமைப்பட்டது போலக் கல்லுடைத்துக் கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே நம் மாவட்டத்துக் கல்குவாரிகள் சில குத்தகைக்கு விடப்பட்டன. நேற்றுவரை கூலி வாங்கக் கைநீட்டிய பெண்கள் கணக்கு எழுதவும் கையொப்பமிடவும் தொடங்கினார்கள். ஆனால் அந்த ஏற்பாடு தொடங்கிய வேகத்தில் நீடிக்கவில்லை. ஒரு தலைவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் நல்ல பழக்கம், அவர் மாற்றலாகிப் போகும்போது அவருடைய பெட்டியோடு சேர்ந்து வண்டியேறிவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. சங்கத்தின் துணைவிதியிலும் தினசரி வழக்கத்திலும் அது இடம்பெற்றாக வேண்டும்.

இதற்கும் வெகுகாலம் முன்பு, புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தபோது நடந்த ஒரு செய்தி. 1886-ல் இவ்வூரில் பிறந்த முத்துலட்சுமி என்னும் பெண் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது, எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி வழங்கினார். அந்த மாணவிதான் 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னாளில் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக உயர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மன்னரின் துணிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். எனினும் வகுப்பிலே அம்மாணவிக்கும் மற்ற மாணவர்களுக்கும் இடையில் ஒரு திரை கட்டப்பட்டிருந்தது. வாயிலைத் திறந்துவிடுவது தலைவரின் ஒரு கையெழுத்தால் முடிகிறது. உள்ளே வந்தவரைச் சக மாணவராக, சக தொழிலாளியாக மற்றவர்கள் ஏற்பதற்கு அந்த ஒரு கையெழுத்து போதவில்லை. பெண்களையும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் நிர்வாகக் குழுவில் சேர்த்துவிட்டோம், ஆகவே கடமை முடிந்தது என்று எண்ணும் சங்கங்கள் தமது கூட்ட அறையில் கண்ணுக்குத் தெரியாத திரை ஏதேனும் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அவர்கள் குழுவில் இருக்கிறார்களா என்பதோடு, கடந்த ஆறு கூட்டங்களில் எத்தனை முறை வாய் திறந்து பேசினார்கள் என்பதையும் நடவடிக்கைக் குறிப்பைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

திரையைப் பற்றிப் பேசும்போது குவளையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் செய்யப்பட்ட இழிசெயலை நாடே அறியும். அதை விசாரிக்கச் சென்ற கலெக்டர் திருமதி கவிதா ராமு, அங்குள்ள தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதையும், தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் விடப்படாததையும் கண்டார். காவல்துறைக் கண்காணிப்பாளருடன் சேர்ந்து அம்மக்களைத் தாமே உடனழைத்துக் கோவிலுக்குள் சென்றார். கடைக்காரர்மீது வழக்கும் பதிவாயிற்று. அறிக்கை எழுதி அனுப்பிவிட்டு ஜீப்பில் ஏறியிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. நமது சங்கங்களில் தேநீர் எப்படி வருகிறது? காரியதரிசிக்குப் பீங்கான் கோப்பை, எழுத்தருக்குக் கண்ணாடி டம்ளர், சுமை தூக்குபவருக்குக் காகிதக் குவளை என்று பிரிந்து வருமானால், அந்தப் பிரிவினை யாரும் சொல்லாமலேயே எல்லாருக்கும் புரிந்துவிடும். தலைவர் ஒருநாள் தாமாக எழுந்து சென்று, எல்லாரும் குடிக்கும் டம்ளரில் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதுவும் அவ்வாறே புரிந்துவிடும். அதற்குத் தீர்மானம் போட வேண்டியதில்லை.

இனி, வேலையில் நேரும் குற்றங்குறைகளை எப்படிக் கையாளுவது என்பதற்கு வருவோம். பரிவு என்றாலே குற்றத்தைக் கண்டும் காணாமல் விடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தொழில் கெட்டுப்போகும் என்ற அச்சமும் அதனால் எழுகிறது. நூற்பாலை உலகில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் முன்னோடி ராபர்ட் ஓவன். கூட்டுறவுத் தத்துவத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான இவர், 1800-ல் ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்ற இடத்துப் பஞ்சாலையின் நிர்வாகத்தை ஏற்றார். அடியும் வசவும் அக்காலத்து ஆலைகளில் சாதாரணம். ஓவன் இரண்டையும் விலக்கினார். அவற்றுக்குப் பதிலாக ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கங்களில் நான்கு நிறம் தீட்டிய சிறு மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். முந்தைய நாள் நடத்தை மிக நன்றெனில் வெள்ளை, நன்றெனில் மஞ்சள், சுமாரெனில் நீலம், மோசமெனில் கறுப்பு முன்பக்கம் திரும்பியிருக்கும். ஓவன் ஆலைக்குள் நடந்து செல்வார், கட்டையைப் பார்ப்பார், அந்த ஆளைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். மேஸ்திரி போட்ட நிறம் அநியாயம் என்று கருதுகிறவர் நேரே ஓவனிடம் முறையிடலாம். நாளடைவில் கறுப்பு குறைந்து வெள்ளையும் மஞ்சளும் மிகுந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் கட்டையை நாம் அப்படியே மெச்சிவிடவில்லை. ஒருவருடைய நேற்றைய குறையை இன்று எல்லாரும் பார்க்கத் தொங்கவிடுவதும் ஒருவகை அவமானம்தானே? ஆயினும் இதில் கொள்ளத்தக்கவை இரண்டு உள்ளன: வசை ஒழிந்தது, மேஸ்திரியின் தீர்ப்புக்கு மேல் ஒரு முறையீடு இருந்தது. உண்மையில் தொழிலாளரின் நம்பிக்கையை அவருக்குத் தேடித்தந்தது கட்டையன்று. அமெரிக்காவிலிருந்து பஞ்சு வருவது தடைப்பட்டு ஆலை நான்கு மாதம் நின்றபோது, இயந்திரங்களைத் துடைத்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு முழுச் சம்பளத்தையும் அவர் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய சீர்திருத்தங்களைத் தொழிலாளர்கள் ஐயமின்றி ஏற்றார்கள். கஷ்ட காலத்தில் கைவிடாதவர் சொல்லும் கண்டனம் காதில் ஏறும். 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளரும் 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தார்களே, அவர்களில் சிலர் ஓவனின் கொள்கையில் ஊறியவர்கள்.

நம் காலத்து ஆராய்ச்சி ஒன்று இதே கேள்வியை வேறு வழியில் அணுகியிருக்கிறது. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கெடுத்தால், அத்தகைய குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன! நுணுகிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. நல்ல குழுக்கள் அதிகம் தவறவில்லை. நேர்ந்த தவறை அஞ்சாமல் எடுத்துச் சொன்னார்கள். கடுமையான தலைமையின் கீழ் இருந்தவர்கள் மூடி மறைத்தார்கள்.

இதை நம் தறிக்குப் பொருத்திப் பார்ப்போம். சங்கம் வழங்கிய சாய நூலில் ஒரு கட்டு மட்டும் நிறம் சற்று மாறி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தார் சுற்றும்போதே அதை ஒரு வீட்டுப் பெண் கண்டுகொள்கிறார். சொன்னால் என்ன ஆகும்? ‘நீதான் வெயிலில் போட்டிருப்பாய்’ என்று பழி தம்மீது திரும்பும் என்ற அச்சம் அவருக்கு இருந்தால் பேசாமல் இருந்துவிடுவார். அந்த நூல் இருபது தறிகளில் ஏறி, சேலைகளில் பட்டை பட்டையாகத் தெரிந்த பிறகு, விற்பனை நிலையம் திருப்பி அனுப்பும்போதுதான் சங்கத்துக்கு விஷயம் தெரியும். அன்று காலை ஒருவர் அஞ்சாமல் வந்து சொல்லியிருந்தால் நஷ்டம் ஒரு கட்டு நூலோடு போயிருக்கும். ஆகையால் கெட்ட செய்தியை முதலில் கொண்டுவருகிறவரிடம் நிர்வாகி முகம் காட்டும் விதத்தில் சங்கத்தின் பணமே அடங்கியிருக்கிறது. ‘நல்லவேளை, இப்போதே சொன்னீர்கள்’ என்ற ஒரு வாக்கியத்துக்குச் செலவு எதுவுமில்லை. அதற்குப் பிறகு யார் தவறு, எப்படி நேர்ந்தது என்று விசாரிக்க வேண்டியதுதான். நூலை வாங்கிவைத்தவரிலிருந்து விசாரணை தொடங்க வேண்டும், தார் சுற்றியவரிலிருந்து அன்று.

பரிவு மனத்தில் தானாக மலரும் வரை காத்திருக்க முடியாத இடங்களில் சட்டம் தலையிட்டிருக்கிறது. நாம் நெய்யும் துணியை விற்கும் பெரிய ஜவுளிக் கடைகளில், பணிப்பெண்கள் நாள் முழுவதும் நின்றபடியே இருக்க வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் உட்கார்ந்தால் வசவு கிடைக்கும். 2021-ல் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. கேரளம் அதற்கு முன்னரே இதைச் செய்திருந்தது. ஒரு நாற்காலி போடுவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில், பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைகளை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டுமென 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நம் சங்கங்களுக்கும் அது பொருந்தும். குழு பெயரளவில் இருந்தால் போதாது. அதன் தலைவி யார், எங்கே சென்று பார்க்கலாம் என்பது ஒவ்வொரு பெண் ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கூட்டம் நடத்தும் முறை பற்றி ஒரு வார்த்தை. நிர்வாகக் குழு கூடியதும் தலைவர் முதலில் தம் கருத்தைச் சொல்லிவிட்டு, ‘மற்றவர்கள் அபிப்பிராயம் என்ன?’ என்று கேட்பது எங்கும் காணும் வழக்கம். அதன் பிறகு மாறாகப் பேச யாருக்கு மனம் வரும்? எல்லாரும் தலையசைப்பார்கள், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும், வெளியே தேநீர்க் கடையில்தான் உண்மையான விவாதம் நடக்கும். நாம் அறிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் தலைவர் இந்த வரிசையை மாற்றினார். குழுவில் இளையவர் முதலில் பேச வேண்டும், தலைவர் கடைசியில் பேச வேண்டும் என்று வைத்தார். ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் குறுக்கிட்டால் மேஜைமேல் இருந்த மணியை மெல்லத் தட்டுவார். தாமே குறுக்கிட்டுவிட்டாலும் தட்டிக்கொள்வார். முதல் இரண்டு கூட்டங்கள் மௌனத்திலேயே கழிந்தன என்று அவர் நம்மிடம் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது கூட்டத்தில், பல ஆண்டுகளாக வாயே திறவாத ஓர் அங்கத்தினர் எழுந்து, ஐப்பசி கார்த்திகையில் தறிக்குழிகளில் நீர் ஊறுவதால் தம் தெருவில் பல வீடுகளில் நெசவு நின்றுவிடுகிறது என்றும், அந்த நாட்களில்தான் பலர் மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொள்கிறார்கள் என்றும் கூறினார். உற்பத்தி ஏன் ஆண்டுதோறும் அம்மாதங்களில் விழுகிறது என்று நிர்வாகம் அதுவரை கணக்கிலேயே தேடிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு முன்பாக, குழிச் சுவருக்குச் சிமெண்டு பூசிக்கொள்ள அத்தெருவிலுள்ள அங்கத்தினர்களுக்குச் சங்கம் கடன் கொடுத்தது.